கத்தி, லைன் கட்டர், கத்தரி: நீருக்கடியில் சிக்கியபோது எது கைகொடுத்தது

ஸ்கூபா மூழ்கலுக்குச் செல்பவர்கள் உடன் கொண்டுசெல்லும் வெட்டுகருவிகள் பெரும்பாலும் மூன்று வகைதான்: கெண்டைக்காலில் உறையோடு கட்டிக்கொள்ளும் கத்தி, உள்ளங்கைக்குள் அடங்கும் லைன் கட்டர், அவசர மருத்துவ உதவியாளர்கள் காயம்பட்டவரின் உடையை வெட்டி நீக்கப் பயன்படுத்தும் மழுங்கிய முனைக் கத்தரி. மூன்றையும் கடலில் பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்துவிட்டதால், அவற்றைப் பற்றிய மதிப்பீட்டை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லைன் கட்டர் ஒன்றும் கத்தரி ஒன்றும் இருந்தால் போதும், காலில் கட்டும் பெரிய கத்தி தேவையில்லை, சில சமயம் அதுவே சிக்கலுக்குக் காரணமாகிறது.

மூழ்கிய கப்பல் ஒன்றின் ஓரமாக 18 மீட்டர் ஆழத்தில் நீந்திக்கொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து என் சிலிண்டரைப் பிடித்து இழுப்பதைப் போல உணர்ந்தேன். உடன் வந்த நண்பர்தான் எதையோ காட்டக் கூப்பிடுகிறார் என்று எண்ணித் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. நான் செய்த முதல் தவறு அந்தத் திரும்பல்தான். சிலிண்டர் வால்வில் மட்டும் மாட்டியிருந்த பின்னல் தூண்டில் நூல், நான் சுழன்றதால், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரின் குழாயையும் இடது மேற்கையையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. கத்தி வலது கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் இருந்தது. ஆழத்தில் உடையின் ரப்பர் அமுங்கி மெலிந்திருந்ததால் உறையின் பட்டை தளர்ந்து, கத்தி காலின் பின்பக்கத்துக்குச் சுழன்று போயிருந்தது. முழங்காலை மடக்கி, இரண்டு முறை விரல் நுனியால் தொட்டு, மூன்றாவது முறை உருவியெடுத்த பிறகுதான் தெரிந்தது, கூர்முனையுள்ள நீளமான கத்தியைத் தலைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுவாசக் குழாய்களுக்கு நடுவே நுழைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை என்பது. நண்பர் வந்து தம்முடைய கத்தரியால் இரண்டு இடத்தில் நறுக்கியதும் நான் விடுபட்டேன்.

மொத்தமாகப் பார்த்தால் 4 நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் சிலிண்டரில் மீதமுள்ள காற்றின் அழுத்தத்தை பார் என்னும் அலகில் காட்டும் அழுத்தமானி 110 பாரிலிருந்து 70 பாருக்கு இறங்கியிருந்தது. 12 லிட்டர் சிலிண்டரில் 40 பார் என்பது 480 லிட்டர் காற்று. 18 மீட்டரில் சூழல் அழுத்தம் 2.8 பார் என்பதால், நான் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கும் மேலான வேகத்தில் மூச்சு வாங்கியிருக்கிறேன் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிதானமாக இருந்தால் எனக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் போதும்; அதே 4 நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 பார்தான் செலவாகியிருக்கும். சிக்கியவரை நூல் கொல்வதில்லை, தீர்ந்துபோகும் காற்றுதான் கொல்கிறது என்பதால், வெட்டுகருவி ஒன்றை மதிப்பிடும்போது அதன் கூர்மையைப் பார்ப்பதற்கு முன்னால், அதை எத்தனை நொடியில் கையில் எடுக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்பேன்.

கடலுக்கடியில் எதில் சிக்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கருவியும் மாறும். நாம் தங்கூசி என்று அழைக்கும் ஒற்றையிழை நைலான் நரம்பு மிகப் பரவலானது. தண்ணீரை விடக் கனமானதால் பாறைமீதும் பவளத்தின்மீதும் படிந்து கிடக்கும், பாசி படியாதவரை கண்ணில் படாது. ஃபுளோரோகார்பன் நரம்பு இன்னும் மோசம். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கோ 1.53 அளவில் இருப்பதால், தண்ணீரோடு கலந்து மறைவதில் அது நைலானை மிஞ்சிவிடுகிறது. பின்னல் நூல் பெரும்பாலும் டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்கும் பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் அதன் அடர்த்தி 0.97; ஆகவே அது மிதக்கும். ஒரு முனை இடிபாட்டில் மாட்டிக்கொண்டு மறுமுனை வளையம் வளையமாக மேலெழுந்து நிற்கும் அந்த நூல்தான் நீந்திப் போகிறவரின் வால்வை எதிர்கொண்டு பிடிக்கிறது. கைவிடப்பட்ட வலை இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது, ஏனெனில் ஒரு கண்ணியை அறுத்தால் அடுத்த கண்ணி காத்திருக்கும். நீரோட்டம் இருந்தால் வலையே நம்மை நோக்கி நகரும். பெரிய மீன்களுக்கான தூண்டிலில் முள்ளுக்கு மேலே கட்டப்படும் எஃகுக் கம்பியை எந்தக் கத்தியாலும் அறுக்க முடியாது. கெல்ப் என்னும் மாபெரும் கடற்பாசிக்கு மட்டும் கருவியே வேண்டாம்: தண்டை இழுத்தால் வராது, பென்சிலை ஒடிப்பதைப் போல மடக்கினால் பட்டென்று ஒடிந்துவிடும்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு மூன்று கருவிகளையும் சோதித்தேன். 5 மி.மீ. கையுறை அணிந்து, கண்ணை மூடி, ஒரே கையால் வெட்டுவது என்பது விதி. அரை மி.மீ. தங்கூசி, பின்னல் நூல், ரீல்களில் சுற்றப்படும் 2 மி.மீ. நைலான் கயிறு, 8 மி.மீ. பாலிபுரொப்பிலீன் கயிறு, பழைய வலைத்துண்டு, மெல்லிய எஃகுக் கம்பி ஆகிய ஆறையும் முதலில் இழுத்துக் கட்டியும், பிறகு தொய்வாக விட்டும் வெட்டிப் பார்த்தேன். இழுத்துக் கட்டியிருந்தபோது கத்தியும் லைன் கட்டரும் மெல்லிய நூல்களை எளிதாக அறுத்தன. தொய்வாக விட்டதும் நிலைமை தலைகீழாக மாறியது. கத்தியின் முன்னால் தங்கூசி நழுவி நழுவிப் போயிற்று. அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாமல் கத்தியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உண்மையான சிக்கலில் அந்த இன்னொரு கைதான் பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும்.

இனிக் கருவிகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். கத்தியில் எஃகின் வகையைப் பற்றித்தான் விற்பவர்கள் அதிகம் பேசுவார்கள். 420 வகைத் துருப்பிடிக்காத எஃகு கூர்மையை நன்றாகத் தாங்கும், ஆனால் பெயருக்கு மாறாக உப்புநீரில் துருப்பிடிக்கும். 316 வகை துருவை எதிர்க்கும், ஆனால் மென்மையானதால் விரைவில் மழுங்கும். டைட்டானியம் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. கூர்மையை நீண்ட நாள் தாங்குவதில்லை என்பதால் பல்வெட்டு விளிம்பு உள்ளதை வாங்குவதே பொருத்தம். கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்துச் செய்யப்படும் ஹெச்1 எஃகு ஏறத்தாழத் துருவே பிடிக்காதது என்பதை நண்பர் ஒருவரின் மடக்குக் கத்தியில் கண்டேன். ஆனால் கையுறையோடு மடக்குக் கத்தியை ஒரு கையால் திறப்பது வேறொரு சோதனை. முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், கூர்முனை வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கடலில் யாரையும் குத்த வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை, மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் மேலங்கியான பி.சி.டி.யின் காற்றுப்பையையும், நீர்புகா உடையான டிரைசூட்டையும், சொந்தத் தொடையையும் குத்திக்கொள்ளும் வாய்ப்புதான் உண்மையில் இருக்கிறது. கத்தியின் ஒரே மேன்மை 8 மி.மீ. கயிற்றில் வெளிப்பட்டது: பல்வெட்டு விளிம்பால் நாலைந்து முறை அறுத்ததும் கயிறு போய்விட்டது. நங்கூரக் கயிறோ பொறிக்கூடைக் கயிறோ மிகுந்த இடங்களில் மூழ்குபவர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

லைன் கட்டர் என்பது கொக்கி போல வளைந்த வாயும் அதன் உள்ளே மறைந்திருக்கும் சிறு பிளேடும் கொண்டது. வெளியே எந்தக் கூர்மையும் தெரியாததால், பார்க்க முடியாத இடத்திலும் அச்சமின்றி ஓட்டலாம். என் கழுத்துக்குப் பின்னால் இதை நான் தயங்காமல் பயன்படுத்துவேன். தங்கூசி, பின்னல் நூல், 2 மி.மீ. கயிறு மூன்றும் வாய்க்குள் நுழைந்த மறுகணமே அறுந்தன. தொய்வான நூலை வாயில் மாட்டி வெடுக்கென்று இழுத்தால் பாதி முறை அறுந்தது, பாதி முறை நூலும் சேர்ந்து வந்தது. வாயின் அகலத்துக்கு மேற்பட்ட கயிறு உள்ளேயே நுழையாது, 8 மி.மீ. கயிற்றின்மேல் அது வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. வலையில் ஒவ்வொரு கண்ணியாக அறுத்துக்கொண்டே போகலாம், பொறுமை வேண்டும். நான் வைத்திருப்பதில் பிளேடை மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி, ஏனெனில் மெல்லிய பிளேடு எவ்வளவு கழுவினாலும் ஒரு பருவத்துக்குள் புள்ளி புள்ளியாகத் துருவேறிவிடுகிறது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: பிளேடைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளேடை விட மட்டமான எஃகால் ஆனவை. இரண்டாம் ஆண்டில் ஒரு திருகு இறுகிப்போய், தலை தேய்ந்து, பிளேடை மாற்றவே முடியாமல் கருவியையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது திருகுகளில் சிலிகான் கிரீஸ் தடவி வைக்கிறேன்.

கத்தரிதான் என்னை வியக்க வைத்தது. தோற்றத்தில் கவர்ச்சி எதுவும் இல்லை, பிளாஸ்டிக் பிடி, வளைந்த கழுத்து, தட்டையான கீழ்முனை. ஆனால் கத்தரி தன் இரு அலகுகளுக்கு நடுவே தானே பொருளைப் பிடித்துக்கொள்வதால், நூல் இறுக்கமாக இருந்தாலும் தொய்வாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். தொய்வான தங்கூசி, வலையின் மூன்று நான்கு கண்ணிகள் சேர்ந்த கொத்து, பி.சி.டி.யின் நாடா எல்லாவற்றையும் ஒரு கையால் வெட்டினேன். மெல்லிய எஃகுக் கம்பியையும் அது வெட்டியது, அலகில் ஒரு சிறு பள்ளம் விழுந்ததைத் தவிர வேறு சேதமில்லை. 8 மி.மீ. கயிற்றை எலி கொறிப்பதைப் போல நாலைந்து கடியில் துண்டித்தது. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அச்சாணி தளர்ந்திருந்தால் வழுவழுப்பான பின்னல் நூல் வெட்டுப்படாமல் இரு அலகுகளுக்கு நடுவே மடிந்து சிக்கிக்கொள்ளும். அப்போது உங்களிடம் இருப்பது நூலோடு கட்டுண்ட ஒரு கத்தரி. மேலும், பிடியின் வளையம் சிறியதாக இருந்தால் தடித்த கையுறை அணிந்த விரல் நுழையாது. நான் முதலில் எடுத்த கத்தரியைக் கையுறை இல்லாமல் வெறும் கையில் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, வாளிச் சோதனையில்தான் அந்த முட்டாள்தனத்தை உணர்ந்தேன்.

எங்கே பொருத்துவது என்பது எதை வாங்குவது என்பதற்குச் சற்றும் குறைந்த கேள்வியல்ல. காலின் வெளிப்புறத்தில் பிடி துருத்தி நிற்கும் கத்தி, நூலுக்கு வரவேற்புக் கொக்கியாகிறது. காலில்தான் கட்டுவேன் என்பவர்கள் உட்புறமாகவாவது கட்ட வேண்டும். என் லைன் கட்டர் இடது தோள்பட்டையின் நாடாவில் மார்புக்கு நேராக இருக்கிறது. கத்தரி இடுப்புப் பட்டையின் முன்பக்கத்தில், கொக்கிக்குச் சற்று இடப்புறமாக, சிறு உறைக்குள் இருக்கிறது. இரண்டையும் எந்தக் கையாலும் எட்ட முடியும், ஒரு கை கட்டுண்டாலும் மறுகையால் ஏதாவது ஒன்றை எடுக்க முடியும். கை நழுவாமலிருக்கச் சிலர் நீளமான கயிறு கட்டிவைக்கிறார்கள். சிக்கலை அவிழ்க்கும் கருவியில் இன்னொரு சிக்கலைக் கட்டித் தொங்கவிடுவதாகவே அது எனக்குப் படுகிறது. மணிக்கட்டுக்கு மேல் நீளாத சிறு வளையம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம்.

வெட்டுகருவியைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும், உடம்பில் தொங்குகிறவற்றைக் குறைப்பதால் கிடைத்த பயன்தான் அதிகம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஃப்ளோரிடாவின் நீருக்கடிக் குகைகளில் மூழ்கிய வில்லியம் ஹோகார்த் மெயின் என்பவர் தேவையில்லாத எதையும் உடம்பில் வைத்துக்கொள்ளாமல், குழாய்களை உடம்போடு ஒட்டி அமைத்துக்கொண்டார். அந்த அமைப்பு அவர் பெயராலேயே ஹோகார்த்தியன் என்று வழங்குகிறது. கடலில் மூழ்கும் சாதாரணப் பொழுதுபோக்காளர் அதை முழுவதுமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அழுத்தமானி கீழே தொங்கிப் பவளத்தைத் தட்டிக்கொண்டு வராமல் மார்போடு மாட்டுவது, மாற்று ரெகுலேட்டரைக் கழுத்து வளையத்தில் நிறுத்துவது, தேவைப்படாத மூழ்கலில் ஸ்நார்க்கலைக் கழற்றி வைப்பது ஆகியவற்றுக்குத் தனிப்பயிற்சி எதுவும் வேண்டாம். காலில் மாட்டும் துடுப்புகளான ஃபின்களின் பழைய பட்டைகளில் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் ஸ்பிரிங் பட்டைக்கு மாறியதும் அந்த முனையும் போயிற்று, கொக்கியும் போயிற்று. மாஸ்க்கின் பட்டையைத் தலையுறைக்கு அடியில் போட்டுக்கொள்வதும் அதே காரணத்துக்காகத்தான்.

கருவிகளை உடம்போடு மாட்டிவைக்கும் கொக்கிகளின் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அழுத்தினால் உள்நோக்கித் திறக்கும் கதவுள்ள கொக்கி, நாம் தொடாமலேயே எதிர்ப்பட்ட கயிற்றைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு மூடிவிடும். மூழ்குவோர் அதைத் தற்கொலைக் கொக்கி என்றே அழைக்கிறார்கள். விரலால் குமிழை இழுத்தால் மட்டுமே திறக்கும் போல்ட் ஸ்னாப்பில் அந்த ஆபத்து இல்லை. அதையும் உலோக வளையத்தால் கருவியோடு இணைக்காமல் நைலான் கயிற்றால் கட்டிவைத்தால், கொக்கி மணலேறி இறுகிப்போகும் நாளில் கயிற்றை வெட்டியாவது கருவியை விடுவிக்கலாம்.

நாம் இருக்குமிடத்தை மேலே இருப்பவர்களுக்குக் காட்ட மிதவையை மேலே அனுப்பும் நூல் சுற்றிய ரீலும் நாமே கொண்டுபோகும் ஒரு சிக்கல்தான். பிடியும் கைப்பிடிச் சுழற்றியும் உள்ள ரீலில் நூல் அச்சுக்குள் நழுவி இறுகிவிடுவது உண்டு. அதை பி.சி.டி.யில் மாட்டிக்கொண்டே மிதவையை விட்டால், மிதவை நம்மையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போகும். நடுவில் துளையுள்ள சாதாரண விரல் ஸ்பூல் இறுகுவதற்கு வழியே இல்லாதது. பொழுதுபோக்கு ஆழங்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. நூலை எப்போதும் இழுவையிலேயே வைத்திருக்க வேண்டும், தொய்வு விட்டால் காலைச் சுற்றும். குகைக்குள் மூழ்குபவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் சிக்கிக்கொள்ளும் நூலே வெளியேறும் வழியைக் காட்டும் நூலாக இருக்கக்கூடும். அதை வெட்டுவது கடைசி வழி, வெட்டும் முன் வாசல் பக்கத்து முனையைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் வெட்டக் கூடாது.

எந்தக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பும் நின்றுவிட வேண்டும். உதைப்பதை நிறுத்தி, இரண்டு மூச்சு விட்டு, கூட்டாளிக்குக் கைகாட்டி, திரும்பாமல் வந்த வழியே சற்றுப் பின்னோக்கி நகர்ந்தால் பல சிக்கல்கள் தாமே நழுவிவிடும். கூட்டாளியால் பார்க்க முடியும், நம்மால் முடியாது என்பதால் முதல் வெட்டு அவருடையதாக இருப்பதே நல்லது. வெட்டும் முன் அது குழாயா நூலா என்று அவர் தொட்டுப் பார்ப்பார் என்று நம்புவோம். தனியாக மாட்டி, வால்வையும் எட்ட முடியாமல் போனால் பி.சி.டி.யைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து வெட்ட வேண்டியிருக்கும். அப்போது, மிதக்காமலிருக்க நாம் கட்டிக்கொள்ளும் எடைக்கற்கள் எங்கே இருக்கின்றன என்பது உயிர்ப்பிரச்சினை. எடை முழுவதும் பி.சி.டி.யின் பைகளில் இருந்தால், கழற்றிய மறுகணம் அது கீழே இழுக்கும், தடித்த உடை அணிந்த உடம்பு மேலே மிதக்கப் பார்க்கும், நடுவில் பற்களுக்கிடையே இருப்பது ரெகுலேட்டர் மட்டுமே. எடையில் ஒரு பகுதியை இடுப்புப் பட்டையில் வைத்துக்கொள்வது இதனால்தான். இந்தக் கழற்றலை நீச்சல்குளத்தில் ஒருமுறையாவது செய்து பார்க்காதவர், கடலில் முதன்முறையாகச் செய்து பார்க்க விரும்பமாட்டார்.

பராமரிப்பில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை: ஒவ்வொரு நாள் முடிவிலும் நன்னீரில் ஊறவைத்து, உறையிலிருந்து வெளியே எடுத்து உலர்த்தி, கத்தரியின் அச்சாணியில் ஒரு சொட்டு சிலிகான் விட்டால் போதும். ஈரமான உறைக்குள் விட்டுவிட்ட கத்தரி ஒரே வாரத்தில் திறக்க மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். மூழ்கும் நாளின் காலையில் ஒரு துண்டுத் தங்கூசியைத் தொய்வாகப் பிடித்துக் கத்தரியால் வெட்டிப் பார்க்கிறேன். மடிந்து சிக்கினால் அன்றைக்கு அச்சாணியை இறுக்குவேன், அப்படியும் சரியாகாவிட்டால் பையிலுள்ள இரண்டாவது கத்தரியை எடுத்துக்கொள்வேன்.

அந்தப் பெரிய கத்தியை நான் தூக்கி எறியவில்லை. படகின் பெட்டியில் கிடக்கிறது, சிக்கிய நங்கூரக் கயிறுகளை மேலேயிருந்து அறுக்க ஆண்டுக்கு ஓரிரு முறை வெளியே வருகிறது. அந்த வேலையில் அதன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.